மாப்பிள்ளையின் கார் போடும் ‘கடக்’ சத்தம் பற்றி

கள்ளிக்குப்பம்,
புதன்கிழமை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பிரசன்னா அவர்களுக்கு,

மாமனார் எத்திராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை தாட்சாயிணி, உங்கள் மனைவி சித்ரா, உங்கள் கார் ஆகிய நால்வரும் சுகம். ஜெர்மனியில் தாங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் தாங்கள் முதலில் விசாரிப்பது நாலாவது நபரைத்தான் என்பதால் அவரைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

ஆறு மாத வேலையாகக் கிளம்பும்போது தாங்கள் கொடுத்த பதினாலு பக்கக் குறிப்பின்படி, வாரம் ஒருமுறை அந்த இரண்டு சீட்டுச் சிவப்புக் காரை எடுத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டிவருகிறேன். அது தரையோடு தரையாகப் போகிறது. எதிரில் மாடு வந்தால் அதன் வயிறுதான் எனக்குத் தெரிகிறது. போன மாதம் திருமுல்லைவாயில் போய்த் திரும்பும்போது, யாரோ தோண்டி யாரும் மூடாத ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பின்னாலிருந்து ‘கடக்’ என்றது. அடுத்த பள்ளத்திலும் ‘கடக்’. நம் பக்கத்தில் அடுத்த பள்ளம் வர அதிக நேரம் ஆகாது என்பது தாங்கள் அறிந்ததே.

போனில் சொன்னதும் தாங்கள் பதறிப்போய், “மாமா, பின்னாடி ஸ்வே பார் லூசாயிருக்கும். ரெண்டு முனையிலயும் மூணு மூணு ஓட்டை இருக்கும். உள்பக்க ஓட்டையில மாட்டி டைட் பண்ணுங்க” என்றீர்கள். வளைவில் கார் சாயாமல் பிடித்துக்கொள்ளும் கம்பி அது என்று விளக்கமும் தந்தீர்கள். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவனுக்கு ஒரு கம்பியை மாட்டத் தெரியாதா என்று நானே காருக்கு அடியில் படுத்தேன். ஒரு பக்கத்தைத் தலை வாசலைப் பார்க்கவும், மறுபக்கத்தைக் கால் வாசலைப் பார்க்கவும் படுத்து முடுக்கியதில் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்பது குழம்பிவிட்டது. இடது முனை முதல் துளையிலும் வலது முனை மூன்றாம் துளையிலும் போய் உட்கார்ந்தன. கார் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நின்றது. சத்தம் அப்படியே இருந்தது.

வேறு வழியின்றிப் பூந்தமல்லியில் சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் அமீருதீன் பாயிடம் கொண்டுபோனேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னா சார், இத யாரு மாட்னது?” என்றார்.

“ஒரு மெக்கானிக்.”

“அந்தாளு கைல இனிமே ஸ்பேனர் குடுக்காதீங்க.”

பிறகு, கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்க் ராடு இரண்டையும் கழற்றினார். “இப்ப கம்பிக்கு வேலயே இல்ல. ஓட்டிப் பாப்போம். சத்தம் நின்னா கம்பிதான். நிக்கலன்னா வேற எங்கியோ கீது. நான் ஓட்றேன், நீங்க டிக்கில பட்த்துகினு எங்கேர்ந்து வருதுன்னு கேளுங்க” என்றார்.

நான் படுத்தேன். முழங்கால் தாடையில் இடித்தது. காற்று வர டிக்கி மூடியைக் கயிற்றால் அரைகுறையாகக் கட்டியிருந்ததில் ஒரு கால் வெளியே நின்றது. அந்தக் காலைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

“யோவ், டிக்கில யாரு?”

“கார் ஓனரோட மாமனாரு சார்.” நான் உள்ளிருந்தபடியே வணக்கம் சொன்னேன்.

“எங்க கொண்டுபோற?”

“எங்கியும் இல்ல சார். சத்தத்துக்கோசரம்.”

“சத்தம் போட்டாரா?”

“இல்ல சார், கேக்கறாரு.”

என்னை இறக்கி, சொந்த விருப்பத்தில்தான் படுத்திருந்தேனா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அப்படித்தான் என்று சொல்லவேண்டிய நிலைமை. அந்த நேரம் பார்த்து நம் பக்கத்து வீட்டுக் கஜபதி ஸ்கூட்டரில் கடந்து போனார். நின்று விசாரிக்கவில்லை, விசாரித்திருந்தால் செய்தி சிறியதாகியிருக்கும். நான் வீடு திரும்பியபோது வாசலில் முப்பது பேர். உங்கள் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்து, “கடத்தினவங்களே திருப்பி வுட்டுட்டாங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முடிவில், லிங்க் ராடின் மூட்டு தேய்ந்திருந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. பாய் புதிது போட்டு, இரண்டு முனைகளையும் ஒரே துளையில் மாட்டிவிட்டார். இப்போது சத்தமே இல்லை. ஆனாலும் மாப்பிள்ளை, தயவுசெய்து இந்தக் காரை விற்றுவிட்டு, நாலு பேர் உட்காரும்படியும் மனிதர் முகம் தெரியும்படியும் ஒன்றை வாங்குங்கள். இனி அதன் கைப்பிடியைக்கூட நான் தொடுவதாக இல்லை.

மாங்காட்டுக் காமாட்சி தங்களுக்கு ஆரோக்கியத்தையும் மேடுபள்ளமில்லாத பாதையையும் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்
எத்திராஜ்

பின்குறிப்பு: மேலே உள்ளதை, மரியாதைக் குறைவாக எதுவும் இருக்கிறதா என்று சித்ரா படித்துப் பார்த்துவிட்டாள். இதைத் தபாலாபீசில் நின்று எழுதுகிறேன். லிங்க் ராடு கதை பொய். அதைக் கழற்றிய பிறகும் என் காதருகே ‘கடக்’ என்றது. விரிப்பைத் தூக்கினால், ஸ்டெப்னிக் குழிக்குள், சுற்றியிருந்த துண்டு அவிழ்ந்துபோன ஒரு கோப்பை. கார் ரேஸ், மூன்றாம் பரிசு, தங்கள் பெயர், போன மார்ச் மாதத் தேதி. இனி ரேஸ் ஓட்டமாட்டேன் என்று சித்ராவின் தலையில் கைவைத்துத் தாங்கள் சத்தியம் செய்தது அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரியில். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாள் தூங்காமல் கிடந்தேன். மூன்றாம் நாள், சத்தம் நின்ற காரை பைபாஸ் பக்கம் எடுத்துப்போய் ஒரு வளைவில் திருப்பினேன். பிறகு அதே வளைவில் இன்னும் நாலு தடவை திருப்பினேன். காரை விற்க வேண்டாம். முன்பக்கக் கம்பியை ஒரு துளை தளர்த்தினால் வளைவில் வெளியே தள்ளாது, முதல் பரிசே வரும் என்கிறார் பாய். தாங்கள் வருவதற்குள் தளர்த்தி வைக்கிறோம். ரேஸ் நடக்கும் இடத்தில் பார்க்க வருகிறவர்களுக்கு நிழல் உண்டா என்பதை மட்டும் தெரியப்படுத்தவும்.