விடுவதற்குச் சம்பளம் வாங்கி விடாமல் இருப்பவர்

நமது கடலில் எத்தனை வகை மீன் இருக்கிறது என்று ஒலுவில் பக்கம் போய்க் கேட்டால் விரல் மடித்துச் சொல்வார்கள். சண்டை ஓய்ந்த கையோடு கல்முனைக் கரையில் ஒதுங்கிய ஒரு புது வகை மனிதரைப் பற்றி ஒருவரும் சொல்வதாக இல்லை. ஆகவே நான் சொல்கிறேன். அவர் பெயர் ரிலீஸ்காரர்.

கொம்பியூட்டர் புரோகிராம் எழுதுபவர் என்று அவரை நினைத்துவிடாதீர்கள், கோபிப்பார். எழுதுபவர்கள் வேறு. அவர்கள் ஆளுக்கொரு துண்டு எழுதுவார்கள். அந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்து, பொருத்தி, பொருந்தாததைத் திருப்பி எறிந்து, பொருந்தியதையும் சந்தேகித்து, நாலு பக்கமும் இழுத்துப் பார்த்து, கடைசியில் வாடிக்கையாளர் கையில் விட வேண்டியவர்தான் இவர். விடுவது தொழில். ஆனால் விடமாட்டார்.

நான் அறிந்த ரிலீஸ்காரர் சாய்ந்தமருது முத்தலிப். கல்முனைப் பிரதான வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஒஃபிஸ். நெல் ஆலைகளுக்குக் கணக்குப் பார்க்கும் புரோகிராம் செய்கிறார்கள். காலையில் வந்ததும் சலாம் சொல்வதற்கு முன்னரே, "ஆர் உடைச்ச?" என்பார். ஏதோ ஒன்று உடைந்துதான் இருக்கும். உடைத்தவர் பெரும்பாலும் அங்கே புரோகிராம் எழுதும் காரைதீவுக் கேதீஸ்வரனாகத்தான் இருப்பார்.

"மச்சான், என்ட மெஷின்ல வடிவா ஓடுதே!"

"அப்ப சரி. ஆலைக்காரர நெல்லெல்லாம் உன்ட வீட்டுக்கே ஏத்திக்கொண்டு வரச் சொல்லுறன்."

வெள்ளிக்கிழமைகளில் எதையும் விடமாட்டார். இதனால் ஊரில் அவருக்குப் பெரிய மரியாதை. ஜும்ஆ நாளில் தொழிலை நினைக்காத பிள்ளையாம். உண்மை வேறு. வெள்ளிக்கிழமை விட்டது சனிக்கிழமை உடையும் என்பது அந்த இனத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. கொழும்பில் உள்ள ரிலீஸ்காரரும் வெள்ளிக்கிழமை விடுவதில்லை, அமெரிக்காவில் உள்ளவரும் விடுவதில்லை. அவர்கள் எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறார்கள்?

சுனாமியில் கடல் ஊருக்குள் ஏறிவிட்டுப் போன பிறகு இந்தக் கரையில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: எதையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. காணி உறுதி சம்மாந்துறை மாமி வீட்டில், நகை வேறெங்கோ. முத்தலிப் தன் பங்குக்கு, கொம்பியூட்டரில் செய்த வேலையெல்லாம் பிரதி எடுத்த ஒரு சின்னப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றி அம்பாறைக்குக் கொண்டுபோய் ஒரு சிநேகிதனிடம் வைத்துவிட்டு வருவார். சண்டை ஓய்ந்தும் எடுபடாத ஒரு செக்பொயின்ட்டில் ஆமிக்காரர் ஒருவர் மறித்தாராம்.

"பெட்டிக்குள்ள என்ன?"

"நேத்துச் செய்த வேலை, சேர்."

"இண்டைக்குச் செய்த வேலை எங்க?"

"அது இன்னும் சரி வரல்ல, சேர்."

அந்த மனிதர் கொஞ்ச நேரம் முத்தலிப்பின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். இப்படிப்பட்டவரால் நாட்டுக்கு ஆபத்தில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். நாட்டுக்கில்லைதான். மருதமுனை மீராசாவுக்கு இருந்தது.

மீராசா கைத்தறிக்காரர். அவருடைய மகள் றாஹிலாவுக்குத்தான் முத்தலிப்பைப் பேசியிருந்தது. நமது பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பெண்ணின் வாப்பா வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். முதல் கட்டிய வீட்டைக் கடல் கொண்டுபோனது. மனிதர் சளைக்காமல் ரோட்டுக்கு மேற்கே இன்னொன்று கட்டி முடித்து, "வாங்க மருமகன், பாருங்க" என்று ஆசையாகக் கூப்பிட்டார்.

ரிலீஸ்காரரிடம் பார்க்கச் சொல்லலாமா?

முத்தலிப் உள்ளே போனார். இருந்த லைட் அவ்வளவையும் போட்டார், ஃபேன் அவ்வளவையும் சுழலவிட்டார், தண்ணீர் மோட்டரைப் போட்டார், பைப்புகளையெல்லாம் திறந்தார், இஸ்திரிப் பெட்டியையும் சொருகினார். டப்பென்று வீடு இருண்டது.

"ஆரு மனே இதையெல்லாம் ஒரே நேரத்தில போடுற?" என்றார் மீராசா.

"பெருநாள் அண்டைக்குப் போடுவம் மாமா."

கலியாணம் தள்ளிப்போனது. வயரை மாற்றியாயிற்று. பிறகு கூரை. மாரி மழை ஒன்று பெய்து பார்க்காமல் கூரையை எப்படி நம்புவது? மறுபடி தள்ளிப்போனது. மாரியும் வந்தது, கூரையும் ஒழுகவில்லை; முத்தலிப்பின் முகம்தான் வாடியது. ஒழுகாத கூரையில் என்ன பிழை என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிழை கூரையில் இல்லை. கேதீஸ்வரன் ஒருநாள் பிளேன்ரீயை வைத்துக்கொண்டு மடக்கிப் பிடித்தார்.

"உனக்கு அந்தப் பிள்ளைய விருப்பமில்லையா? சொல்லித் துலை."

"விருப்பமில்லாட்டி இவ்வளவு பார்ப்பனாடா? ஆலைக்கு விட்டது பிழைச்சா, பழையதத் திருப்பிப் போடலாம். அவளுக்கு நான் பிழைச்சிட்டா எதத் திருப்பிப் போடுற?"

கேதீஸ்வரன் தன் பிளேன்ரீயை அவர் பக்கம் நகர்த்திவைத்தார். நானும் இந்த இடத்தில் கேலி பண்ணப்போவதில்லை.

மீராசாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒலுவிலிலிருந்து றாஹிலாவைக் கேட்டு வேறு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. "இந்த மாசத்துக்குள்ள நிக்காஹ் முடியோணும். இல்லாட்டி அங்க ஓம் எண்டு சொல்லிருவன்," என்று ஆளனுப்பிவிட்டார்.

முத்தலிப் றாஹிலாவைப் போனில் பிடித்தார். பிடித்துக் கேட்டாரே ஒரு கேள்வி! பூமியில் வேறு எந்த இனத்து மாப்பிள்ளையும் கேட்டிருக்கமாட்டான்.

"றாஹிலா, நிக்காஹ்க்கு முந்தி... ஒருக்கா ஒத்திகை மாதிரிச் செஞ்சு பார்ப்பமா? எங்க பிழைக்கிற எண்டு தெரிஞ்சிரும்."

வேறு பெண்ணென்றால் போனை எறிந்திருப்பாள். றாஹிலா மெதுவாகச் சொன்னாள்:

"ஓம், செய்வம். ஆனா எல்லாம் நிசம் மாதிரியே இரிக்கோணும். எங்கட வாப்பா ஒங்கட கையப் பிடிக்கோணும். ஹஸ்ரத் வரோணும். சாட்சி இரிக்கோணும், மஹர் இரிக்கோணும். ஒண்டு குறைஞ்சாலும் அது என்ன ஒத்திகை?"

முத்தலிப்புக்குக் கண் கலங்கிவிட்டது. சோதிக்கும் இடம் நிச இடத்தைப் போலவே அச்சொட்டாக இருக்க வேண்டும் என்று அவர் வருடக்கணக்காக ஒஃபிஸில் தொண்டை கிழியக் கத்திய விஷயம்! ஒருவருக்கும் ஏறாதது இவளுக்கு ஏறியிருக்கிறதே!

குறித்த நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, ஒஃபிஸுக்குப் போட்ட சேட்டோடேயே மருதமுனைக்குப் போனார். உம்மாவும் கூடவே வந்தார். கேதீஸ்வரன் படம் பிடிக்க வந்தார். ஹஸ்ரத்தாகப் பள்ளி மௌலவி இருந்தார். பக்கத்து வீட்டு மூத்தவர்கள், காக்காமார் இரண்டு பேர், சாட்சிக்கு இருந்தார்கள். பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹரும் தட்டில் இருந்தது. மௌலவி திரைக்கு அந்தப் பக்கம் பார்த்துப் பெண்ணின் சம்மதம் கேட்டார். "ஓம்" என்ற சத்தம் கணீரென்று வந்தது. மீராசா மருமகனின் கையைப் பிடித்து, "என் மகள் றாஹிலாவை இந்த மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்றார். முத்தலிப் தடுமாறவில்லை. "ஏற்றுக்கொண்டேன்" என்றார். துஆ ஓதி முடிந்தது.

முத்தலிப் முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு பிழையும் வரல்ல, ஹஸ்ரத். வடிவாப் போச்சு. இனி எல்லாத்தையும் முந்தி இருந்த மாதிரி ஆக்கிருவம்."

"எத?" என்றார் மௌலவி.

"இப்ப செஞ்சத. இது ஒத்திகைதானே."

மௌலவி மீராசாவைப் பார்த்தார். மீராசா முகட்டைப் பார்த்தார்.

"மனே," என்றார் மௌலவி, "நிக்காஹ்ல ஒத்திகை எண்டு ஒண்டு இல்ல. விளையாட்டுக்குச் சொன்னாலும் அது நிசந்தான். இப்ப நீங்க மாப்பிள்ளை."

"அப்ப... பழையபடி திரும்பிப் போறதுக்கு?"

"அதுக்கும் ஒரு சொல் இரிக்கி. அதையும் விளையாட்டுக்குச் சொல்லிப் பார்த்திராதீங்க."

கேதீஸ்வரன் கமராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

"என்னயாம்? பிழை ஏதும் கண்டுபிடிச்சாராமா?"

முத்தலிப் யோசித்தார். உள்ளபடியே யோசித்தார், தொழில் அப்படி. மாமா பிடித்த கையின் சூட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தான் சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"இல்ல," என்றார்.

"அப்ப சாப்பிட வரச் சொல்லுங்க."

உள்ளே பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டுகள் வரிசையாக வந்தன. நெய்ச்சோறு, இறைச்சி, கோழிப் பொரியல், மாசிச் சம்பல்.

"ஒத்திகைக்கு என்னத்துக்கு மாமா இவ்வளவு சோறு?"

"ஒரே நேரத்தில எல்லாத்தையும் இறக்கினா ஒங்கட வயிறு தாங்குதா எண்டு பார்க்கத்தான்," என்றார் மீராசா.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உடுத்திப் பார்க்காமல் மடித்தே வைத்திருக்கும் அந்த நல்ல சேட் எந்த நாளுக்காக? கண்ணாடி அலுமாரிக்குள் கைபடாமல் இருக்கும் கோப்பைகள் எந்த விருந்தாளிக்காக? வீட்டுக்காரியிடம் சொல்லவேண்டிய ஒரு நல்ல வார்த்தையை, இன்னும் கொஞ்சம் திருத்திவிட்டுச் சொல்வோம் என்று எத்தனை மாரியாக வைத்திருக்கிறீர்கள்? உங்களை ரிலீஸ்காரர் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். உங்கள் தயக்கத்துக்கெல்லாம் முகம் சுளித்த வீட்டார் திடீரென்று ஒருநாள் "ஓம், நீங்க சொல்லுறதுதான் சரி" என்று தலையாட்டத் தொடங்கினால், சந்தோசப்படுவதற்கு முன் அடுப்படிப் பக்கம் ஒருக்கால் மூக்கை நீட்டிப் பாருங்கள்.

நெய் மணக்கிறதா?