பெரியப்பாவின் மீசையும் இரண்டாவது ஸ்லாட்டும்

ஜார்ஜ் டவுன்,
ஞாயிற்றுக்கிழமை, பூசையும் முடிந்து நாசி லெமாக் சாப்பாடும் முடிந்த நேரம்.

அன்பும் அறிவும் அடர்ந்த மீசையும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற பெரியப்பா வேதநாயகம் அவர்களின் சமூகத்துக்கு, தம்பி மகன் ஜெரமி மண்டியிட்டு எழுதிக்கொள்வது.

ஆழ்ந்த துயரத்துடன் ஓர் அறிவிப்பு. தங்கள் மூக்கின் கீழ் நெடுங்காலம் சீரும் சிறப்புமாக வாழ்ந்து, எண்ணற்ற கல்யாண வீடுகளில் பாயசம் அருந்தி, குழந்தைகளைப் பயமுறுத்தி, குடும்பப் படங்கள் அனைத்திலும் நடுநாயகமாக நின்ற திரு. மீசை அவர்கள், இக்கடிதம் ஈப்போ வந்து சேரும் நாளன்று குளியலறைக் கண்ணாடி முன்பாக நித்திய இளைப்பாற்றி அடைவார் என்பதை உற்றார் உறவினருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம். மலர் வளையம் வேண்டாம். சோப்பு நுரை போதும்.

மற்றபடி நான் நலம். அப்பா அம்மா நலம். லீனா அக்கா நலம், கேமராவும் நலம். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பேன்; ஆனால் உங்கள் குரல் மாதிரியே பேசி உங்கள் மகள் கிறிஸ்டல் அக்காவிடம் "எனக்கு மறு கல்யாணம்" என்று நான் அனுப்பிய அந்த ஒலிப்பதிவுக்குப் பிறகு நீங்கள் என்னைத் தடை செய்து வைத்திருக்கிறீர்கள். ஆகவே தபால்தலையை நக்கவேண்டிய நிலைக்கு வந்திருக்கிறேன்.

போன கிறிஸ்துமஸ் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லீனா அக்கா பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகக் கல்யாணப் படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னதும், அம்மா கறிக் கரண்டியைக் கீழே வைத்ததும், அக்கா "மெமரி கார்டு சொருக ரெண்டு ஸ்லாட் உள்ள கேமராதான் வாங்குவேன், எடுக்கிற ஒவ்வொரு படமும் ஒரே நேரத்துல ரெண்டு கார்டுலயும் பதிஞ்சிடும், ஒன்னு போனாலும் இன்னொன்னு இருக்கும்" என்று விளக்கியதும், ஃபிலிம் காலத்துக் கல்யாணப் படக்காரரான நீங்கள் ஆட்டுக்கால் எலும்பைத் தட்டில் தட்டிக்கொண்டே பேசினீர்களே, அது அப்படியே என் காதில் இருக்கிறது.

"ரெண்டு ஸ்லாட்டா? எதுக்குலா? ஒரே ரோலை வச்சிக்கிட்டு பட்டர்வொர்த்துல பாதிப் பேருக்கு நான் கல்யாணம் பண்ணி வச்சவன். வேலை தெரிஞ்சவனுக்கு ஒன்னு போதும். பயந்தவனுக்குப் பத்து குடுத்தாலும் பத்தாது."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்ததே இல்லையே. "பெரியப்பா, ஆண்டவரே மூக்குக்கு ரெண்டு ஸ்லாட் வச்சிருக்காரு. அதுவும் உங்க மீசைக்கு நேர் மேலயே. சளி புடிச்சா ஒன்னு அடைக்கும், இன்னொன்னுதான் காப்பாத்தும்" என்றேன். அப்பாவுக்குப் புரையேறியது. நீங்கள் மேசையில் அடித்தீர்கள். "அந்த ரெண்டாவது ஸ்லாட் ஒரே ஒரு படத்தைக் காப்பாத்தட்டும்டா, இந்த மீசையை நானே எடுத்துடுறேன்!" சாட்சி: மொத்தக் குடும்பமும், ஆட்டுக்காலும்.

பெரியப்பா, காப்பாற்றிவிட்டது. உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

நேற்று புக்கிட் மெர்தாஜாம் கோயிலில் பிரமிளா அக்காவுக்கும் கோகுலன் அண்ணனுக்கும் கல்யாணம். பிரமிளா அக்கா யாரென்றால், ஃபேக்டரியில் லீனா அக்காவுக்குப் பக்கத்து இருக்கை, ஒரே டிஃபனில் சாப்பிட்டவர்கள். "எவனோ தெரியாத ஸ்டூடியோ வேணாம், லீனாதான் எடுக்கணும்" என்று வீட்டில் சண்டை போட்டு அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த வேலை இது. அக்கா தனியாக எடுக்கும் முதல் கல்யாணம். இதில் சொதப்பினால் தொழிலும் போய்விடும், சிநேகிதியும் போய்விடுவாள். திங்கட்கிழமை காலையில் ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிற்கவேண்டியதுதான், அம்மா "நான் அப்பவே சொன்னேன்" என்பதை வாசல் வரை வந்து சொல்வார். அதனால் விடிந்ததிலிருந்தே அக்கா பயத்தில் கேமராப் பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். துணை ஒளிப்பதிவு இயக்குநராக நான் கூடவே போனேன். பை தூக்குகிறவன் என்று அக்கா சொல்லுவாள், நம்பாதீர்கள்.

போன இடத்தில் முதல் பிரச்சினை, மணப்பெண் சிரிக்கவே மாட்டேன் என்கிறார். பயம். எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வாங்கப் போகிற மாதிரியே முகம். அக்கா "பிரமி, கொஞ்சம் சிரிலா" என்று கெஞ்ச, அவர் பல்லைக் காட்ட, அது பல் டாக்டர் கடை விளம்பரம் மாதிரி வந்தது. இரண்டாவது பிரச்சினை, பிரமிளா அக்காவின் அத்தை ருக்குமணி. இப்போது ஊருக்கே அத்தை. என் கையில் அட்சதைத் தட்டைத் திணித்து, "டேய் தம்பி, சும்மாதானே நிக்கிற, எல்லாருக்கும் காட்டு. தாலி ஏறும்போதுதான் போடணும்னு சொல்லிக் குடு. முன்னாடி எவனாச்சும் போட்டான், காதைத் திருகிடுவேன்" என்றார். மஞ்சள் அரிசி ஏந்திய கத்தோலிக்கப் பையனாக மண்டபம் முழுவதும் வலம் வந்தேன்.

இனிமேல்தான் உங்கள் பங்கு வருகிறது. "தாலிக்கு முன்னாடி எப்பவும் புது ரோல் போட்டுடு" என்று நீங்கள் அக்காவுக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? ரோல் போய்க் கார்டு வந்த பிறகும் அக்கா அதை வேதவாக்காக வைத்திருக்கிறாள். ஐயர் தாலித் தட்டைக் கையில் எடுத்ததும் கேமராவின் பக்கக் கதவைத் திறந்து, பழைய கார்டு இரண்டையும் எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டுப் புதுக் கார்டை எடுக்கிறாள். அந்த நேரம் பார்த்து எவனோ ஓர் அவசரக்குடுக்கை ஒரு கை அட்சதையை முன்கூட்டியே வீசிவிட்டான். அக்காவின் தலை, தோள், கேமரா எல்லாம் மஞ்சள் மழை. "அலாமாக்!" என்று ஒரு உதறு உதறி, கார்டு இரண்டையும் திணித்துக் கதவைச் சாத்துவதற்கும் கெட்டிமேளம் முழங்குவதற்கும் சரியாக இருந்தது. கோகுலன் அண்ணன் குனிந்தார், கட்டினார், அக்கா விரலை எடுக்காமல் சுட்டுத் தள்ளினாள்.

கூட்டம் விலகியதும் அக்கா ஒரு தூண் ஓரமாகப் போய்ப் படத்தைப் பார்க்கப் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். ஒன்றுமே இல்லை. தாலி இல்லை, ஐயர் இல்லை, மாலை இல்லை.

"ஜெரமி," என்றாள், அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை. "ஒன்னுமே பதியலடா."

மணவறையிலிருந்து பிரமிளா அக்கா கையசைத்து, "லீனா! தாலி கட்டுனது நல்லா வந்துச்சா?" என்று கத்தினார்.

"சூப்பர்லா!" என்றாள் அக்கா. கண்ணில் தண்ணீர்.

"கோகுலன் அண்ணன்கிட்ட இன்னொரு டேக் கேக்கலாமா?" என்றேன். அக்கா பார்த்த பார்வையில் கேமரா இல்லாமலே நான் உறைந்துபோனேன். நான் உளறினால் பயந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

ஆனால் மேதைகள் நெருக்கடியில்தான் வெளிப்படுவார்கள். கேமராவை வாங்கிப் பார்த்தேன். திரையின் மூலையில் ஒன்று என்ற எண் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. கெட்டிமேளத்தில் அதை யார் பார்ப்பது? கதவைத் திறந்தேன். முதல் ஸ்லாட்டுக்குள், பஞ்சணையில் படுத்த மகாராஜா மாதிரி, ஒரே ஒரு மஞ்சள் அரிசி. அது குறுக்கே கிடந்ததால் கார்டு முழுசாக உட்காரவில்லை. கேமராவைப் பொறுத்தவரை அங்கே கார்டே இல்லை. "அக்கா, நீ காலியான வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு இருக்க. பக்கத்து வீட்டைப் பாரு!" என்று சொல்லி, இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாற்றி அழுத்தினேன்.

வந்தது பெரியப்பா! தாலி வந்தது, மாலை வந்தது, கோகுலன் அண்ணனின் விரலில் ஒட்டிய மஞ்சள்கூட வந்தது, வரிசையாக, ஒன்றுகூட விடாமல். அக்கா அப்படியே தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் ஏதோ ஒன்றைச் செய்தாள். பந்தியிலிருந்து பல் குச்சி கொண்டுவந்து அறுவை சிகிச்சை செய்து அரிசியை எடுத்தவனும் நான்தான். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று எல்லாப் படத்தையும் முதல் கார்டுக்கு நகல் எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். அக்கா தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தாள். எங்கள் வீட்டில் இது நோபல் பரிசுக்குச் சமம்.

ஆகவே, ஐயா, ஒரே ஸ்லாட் உள்ள கேமராவாக இருந்திருந்தால் அக்கா நாளை காலை ஃபேக்டரி பஸ்ஸில். இரண்டாவது ஸ்லாட் காப்பாற்றிய படம் ஒன்றல்ல, ஒரு தாலி முழுசும். படக்காரனுக்கு இரண்டு ஸ்லாட் தேவையா என்ற வழக்கு தீர்ந்தது. ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவில் முடியுங்கள், வலிக்காது என்று அப்பா சொல்கிறார்.

கிறிஸ்டல் அக்காவுக்கு என் அன்பு. சவரத்தை அவர் படம் எடுத்து அனுப்பவும், இரண்டு கார்டிலும். மாதா உங்கள் மூக்கையும் முகவாயையும் இடைப்பட்ட காலி நிலத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
குலத்தின் ஒளி, அக்காவின் ரட்சகன்,
ஜெரமி

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது லீனா அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். "மிச்சத்தையும் எழுது. நான் இங்கயேதான் நிப்பேன்" என்கிறாள். எழுதுகிறேன்.

அந்த அவசரக்குடுக்கை நான்தான். லீனா அக்கா ரொம்பப் பயந்து போயிருந்தாளே, தலையில் கொஞ்சம் அரிசி விழுந்தால் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஸ்லாட் திறந்திருந்ததைப் பார்க்கவில்லை. ருக்குமணி அத்தை பார்த்துவிட்டார், சொன்ன சொல் தவறாதவர். கெட்டிமேளம் முழங்கியபோது என் காது அவர் கையில் இருந்தது. அவர் என்னை இழுத்து நிறுத்திய இடம் மணவறைக்கு நேர் பின்னால். படத்தில் தெள்ளத் தெளிவாக. எனவே வீடு திரும்பும் வழியில் பாலத்தில் கார் வரும்போது, என் காது இருந்த படங்களை மட்டும் மெதுவாக அழித்துவிட்டேன். முதல் கார்டிலிருந்து. இன்னொரு கார்டு இருப்பது, இவ்வளவு நேரம் அதைப் பற்றியே பேசிய எனக்கு, மறந்துபோய்விட்டது.

அக்கா இன்று காலை இரண்டாவது கார்டைத்தான் திறந்திருக்கிறாள். அதில் கோகுலன் அண்ணன் முடிச்சுப் போடுகிறார். பின்னால் என் காது திருகப்படுகிறது. நாள் முழுக்கச் சிரிக்காத பிரமிளா அக்கா, என் அலறல் கேட்டுப் பக்கவாட்டில் திரும்பி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரிக்கிறார். அவர் சிரித்த ஒரே இடம் அதுதான். அதையும் நான் அழித்திருந்தேன். இப்போது அதுதான் ஆல்பத்தின் அட்டைப் படமாம். மண்டப அளவுக்குப் பெரிதாக்கி வீட்டில் மாட்டப்போகிறார்களாம்.

இரண்டாவது ஸ்லாட் இரண்டு முறையும் காப்பாற்றியது என்னிடமிருந்துதான். அது கேமராவின் குற்றம் இல்லை, அதனால் பெரியப்பா மீசைக்கு விடுதலை என்பது அக்காவின் தீர்ப்பு. ஏற்கிறேன். இன்றுமுதல் நானும் உங்கள் கட்சி, பெரியப்பா: ஒரு ஸ்லாட்டே போதும், தயவுசெய்து ஊரெல்லாம் சொல்லுங்கள். ஆண்டவர் மூக்குக்கு இரண்டு வைத்ததை மட்டும்தான் நான் கவனித்தேன். காதுக்கும் இரண்டுதான் வைத்திருக்கிறார். வலது காதை ருக்குமணி அத்தை நேற்றே முடித்துவிட்டார். இடது காது இந்த வரியை எழுதும்போது அக்காவின் கையில் இருக்கிறது.