வாலிபர் கயிற்றைப் பிடித்த சாயங்காலம்

மரக்காணத்துக் கடலோரத்தில் எல்லாருக்கும் வருஷா வருஷம் வயது ஏறியது. ஒரே ஒருவருக்கு மட்டும் ஏறவில்லை. எப்போது கேட்டாலும் அவருக்கு முப்பத்தொன்பது. இந்திய சரித்திரத்தில் அவ்வளவு காலம் முப்பத்தொன்பதிலேயே குடியிருந்த மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. ஊர் அவருக்கு வைத்த பெயர் வாலிபர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பங்குச் சாமியாருக்கே மறந்துபோயிருந்தது.

உப்பளத்தில் கூலி வேலை. மீசை மட்டும் ராஜா மீசை. சிம்னி விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து தினமும் விடிவதற்கு முன்னால் பூசிக்கொள்வார். உப்புப் பாத்தி வெயில் சும்மா விடுமா? பத்து மணிக்கெல்லாம் கரி வேர்வையோடு இறங்கி, வாயின் இரண்டு பக்கமும் கோடு போட்டு, தாடையில் சொட்டும். ஆள் காலையில் வேலைக்குப் போகும்போது முப்பத்தொன்பது. மத்தியானம் திரும்பும்போது அறுபத்தைந்து. வாயைத் துண்டால் மூடிக்கொண்டே வீட்டுக்கு ஓடுவார். சாயங்காலம் மறுபடி முப்பத்தொன்பது.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில், பாண்டிச்சேரியில் படித்துக்கொண்டிருந்த நாங்கள் ஒரு டஜன் மாணவர்கள் அந்த ஊர் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டோம். எங்கள் பேராசிரியர் ஒரு தினுசான ஆள்.

"மத்த காலேஜ்காரன் எல்லாம் ரோடு போடறான். நாம போடற ரோட்டுல நாமளே நடக்க மாட்டோம். ஊர்ல வயசானவங்க வீட்டுக்குள்ளயே முடங்கிக் கிடக்கறாங்க. அவங்களை எழுப்பி நடமாட வையுங்க. அதுதான் உங்களுக்குப் பாடம்" என்றார்.

முதல் நாள் சாயங்காலம் மைதானத்தில் நாங்கள் வரிசையாக நின்றோம். பெரியவர்கள் யாரும் வரவில்லை. இரண்டு ஆடுகள் வந்தன. அப்புறம் வாலிபர் வந்தார்.

"வயசானதுங்களை இழுத்துக்கினு வரணும், அவ்ளோதானே? எங்கிட்ட உடுங்க தம்பி. நானும் உங்களாட்டம் சின்ன வயசுக்காரன்தான்."

தெருத்தெருவாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஏ பெரிசு! எழுந்து வா! காலேஜு புள்ளைங்க காத்துக்கினு இருக்குது!" என்று கத்தினார். ஒரு வீட்டிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு ஒருவர் திட்டிக்கொண்டே வெளியே வந்தார். அவர் வாலிபரின் சொந்தத் தம்பி.

அடுத்தது லூர்தம்மா வீடு. உப்பள மேஸ்திரி அந்தோணியின் அம்மா. முட்டி வலியால் மாசக் கணக்கில் வாசல்படி தாண்டாதவர். வாலிபர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆயா, மெதுவா எழுந்து வா ஆயா" என்றார்.

"யாருய்யா ஆயா? ஒங் கல்யாணத்துல நான் பாவாட கட்டிக்கினு பந்தியில தண்ணி ஊத்தினவ!"

கோபத்தில் அந்த அம்மாள் அவரை அடிக்கக் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் அப்படியே மைதானம் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் முகாமின் முதல் வெற்றி அதுதான்.

தேகப்பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து, "குனிஞ்சு கால் விரலைத் தொடுங்க" என்றேன் நான். ஒருவரும் அசையவில்லை.

"பொறந்ததுலேருந்து பாத்தியில குனிஞ்சிக்கினுதான் இருந்தோம். இன்னுமா குனியணும்?" என்றார் லூர்தம்மா.

பேராசிரியர் சார் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினார். அன்றிலிருந்து குனிகிற பயிற்சி எதுவும் இல்லை. கையை மேலே தூக்குவது, மார்பை நிமிர்த்துவது, கடற்கரை வரைக்கும் பேசிக்கொண்டே நடப்பது, பந்து பிடிப்பது. பந்து பிடிப்பதில் நடந்த சண்டைகளைத் தீர்த்து வைக்கப் பங்குச் சாமியாரே வர வேண்டியிருந்தது. வாலிபர் விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தன்னைவிடச் சின்னவர்களையெல்லாம் "பெரிசு, நெஞ்ச நிமித்து" என்று அதட்டினார். வாரக் கடைசிக்குள் தடி ஊன்றி வந்தவர்கள் தடியை மறந்து வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அதைப் பொறுக்கி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தின வேலையாகிவிட்டது.

முகாமின் கடைசி நாள், பக்கத்து எக்கியார்குப்பத்து மீனவப் பெரியவர்களோடு கயிறு இழுக்கும் போட்டி. பக்கத்துக்கு எட்டுப் பேர், மூன்று ஆட்டம். சார் போட்ட ஒரே சட்டம், அறுபது வயது முடிந்திருக்க வேண்டும். ஊரே மைதானத்தில் கூடிவிட்டது. மேஸ்திரி அந்தோணியும் மீசையை நீவிக்கொண்டு முன்வரிசையில் நின்றார்.

எங்கள் பக்கம் ஓர் ஆள் குறைந்தது. மகளுக்குப் பிரசவம் என்று ஒருவர் திண்டிவனம் போய்விட்டார். எல்லாரும் வாலிபரைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் அம்பயரு. எனக்கு வயசு பத்தாது."

கூட்டத்திலிருந்து அவர் மனைவி புஷ்பம் குரல் கொடுத்தார். "பெரிய மவனுக்கே நாப்பத்திரண்டு ஆவுது! அவன் பொறந்தப்ப நீ எங்கய்யா இருந்தே?"

மைதானமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, மேஸ்திரி நிக்கறான் பாரு. அவனுக்கும் தெரியும். ஆனா அறுபது தாண்டிடிச்சின்னு என் வாயாலயே ஒத்துக்கினா நாளைலேருந்து வராதேன்னுடுவான். இதுங்க எல்லாத்தையும் அப்பிடித்தான் வூட்ல உக்கார வெச்சான். உக்காந்தா அவ்ளோதான் தம்பி. எழுந்துக்க முடியாது."

அதுவரை அவர் மீசையைப் பார்த்துச் சிரிக்காத நாளே இல்லை. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆளு இல்லாட்டி தோத்துட்டோம்னு சொல்லிடுங்க" என்று குப்பத்துக்காரர்கள் சத்தம் போட்டார்கள். "ஏழு பேரே இழுப்போம்!" என்று லூர்தம்மா கம்பைத் தூக்கி எறிந்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். தினமும் வலை இழுக்கிற கைகள் எதிரே. முதல் ஆட்டத்தில் எங்கள் ஏழு பேரையும் வஞ்சிர மீன் இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு போனார்கள். லூர்தம்மா மணலில் குப்புற விழுந்தார். எழுந்து, புடவையை இடுப்பில் செருகி, மறுபடி கயிற்றைப் பிடித்தார். வாலிபரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாலிபர் தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். துண்டை எடுத்து மீசையை அழுத்தித் துடைத்தார். பஞ்சு மாதிரி வெள்ளை. நேராகப் போய்க் கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மேஸ்திரியைப் பார்த்தே கத்தினார்.

"அறுபத்திரண்டு! எனக்கு அறுபத்திரண்டு வயசு!"

எதிரணியில் முதல் ஆளாக நின்ற கிழவர் கயிற்றைப் பிடித்தபடியே கேட்டார். "அறுபத்திரண்டா? டேய், எனக்கே அறுபத்தஞ்சு ஆவுது. நீ எனக்கு மூணு வருசம் பெரியவன்டா!"

நான் விசிலை ஊதிவிட்டேன். குப்பத்துக்காரர்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிக்கிறவன் பிடியில் பலம் ஏது? எட்டுப் பேரும் அப்படியே எங்கள் பக்கம் வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். வாலிபர் குதிகாலை மணலில் புதைத்துக்கொண்டு, "நிமிரு! நிமிரு!" என்று அலறினார். பட்டென்று கயிறு அறுந்தது. பதினாறு பேரும் மல்லாக்க விழுந்தார்கள். எங்களுக்கு உயிரே போய்விட்டது. தண்ணீர்க் குடத்தோடு ஓடினோம். மணலில் கிடந்தபடியே லூர்தம்மா முதலில் சிரித்தார். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக இரண்டு பக்கமும் சிரிப்பு. இரண்டு ஊருக்கும் வெற்றி என்று சார் அறிவித்தார்.

மேஸ்திரி அந்தோணி மெதுவாக நடந்துவந்து வாலிபர் முன்னால் நின்றார். சிரிப்பு நின்றது.

"நாளைக்கு..." என்று தொண்டையைக் கனைத்தார்.

"டேய் அந்தோணி, மொதல்ல என்னைத் தூக்கி உடு" என்றார் லூர்தம்மா. மகன் தூக்கி நிறுத்தினார். "அண்ணன் நாளைக்கு வேலைக்கு வருவாரு. வேணாம்னு சொன்னே, தெனமும் காலையில நான் பாத்தி வரப்புல வந்து உக்காந்துக்குவேன். இப்ப எனக்கு நல்லா நடக்க வருது, தெரியுமில்ல?"

உப்பளமே கண்டு நடுங்குகிற மேஸ்திரியின் முகம் வெளுத்துவிட்டது.

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வரச் சொல்லலாம்னுதாம்மா வந்தேன்" என்றார்.

வாலிபர் மணலிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். புஷ்பம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் முதுகில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது நானும் பென்ஷன்காரன். எங்கள் குடியிருப்பில் தினமும் காலையில் நாங்கள் கிழவர்கள் பத்துப் பேர் நடக்கப் போகிறோம். வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் போகிறோம். ஆனாலும் எல்லாருக்கும் முன்னால் ஓர் இடம் காலியாக இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். அங்கே வாலிபரைத் தவிர வேறு யாரையும் வைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.