கோணல் பெட்டி

சுவரில் மாட்டியிருந்த பெரிய எல்இடி டிவி நீலமாக நின்றது. நடுவில் ‘சிக்னல் இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தது. கீழே மேசைமேல் இருந்த பழைய டப்பா டிவியிலோ, அதே வயரிலிருந்து வந்த படம் பச்சையும் ஊதாவுமாக நெளிந்து ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

“புது டிவிக்குக் கறார் ஜாஸ்தி சார்,” என்றார் அரங்கத்து எலக்ட்ரீஷியன். “படம் கொஞ்சம் தள்ளாடினாலும் கதவைச் சாத்திடும். பழசு பாவம், யார் வந்தாலும் வான்னுடும்.” பிறகு உற்றுப் பார்த்தார். “உங்கள எங்கயோ பார்த்திருக்கேன் சார்.”

“பார்த்திருக்க மாட்டீங்க,” என்று கோணலார் இடது காதைச் சொறிந்தார். படபடப்பு வந்தால் அவருக்கு அந்தக் காதுதான் அரிக்கும்.

கோணலார் என்பது நண்பர்கள் வைத்த பெயர். பகலெல்லாம் அச்சகத்தில் அடுத்தவர் பிழையைத் திருத்துவது உத்தியோகம். வீட்டுக்கு வந்தால், நேராக இருக்கும் படத்தைக் கோணலாக்கும் பெட்டி செய்வது பொழுதுபோக்கு. வீடியோ டெக்கில் கேசட் ஓடும். படம் டிவிக்குப் போகிற வழியில் பெட்டி அதை மறித்துக் குலுக்கி அனுப்பும். இந்தத் திருகைத் திருப்பினால் என்ன ஆகும், அதையும் சேர்த்துத் திருப்பினால் என்ன ஆகும் என்ற ஆவலிலேயே நான்கு வருடம் ஓடிவிட்டது. இன்றுதான் அவருடைய முதல் கண்காட்சி. நாலு மணிக்கு மனைவி வருகிறாள்.

அங்கேதான் வினை. டெக்கில் ஓடிக்கொண்டிருந்தது, அவள் பீரோவில் பூட்டி வைத்திருந்த கல்யாணக் கேசட். அவள் அப்பா சிரித்து நடமாடுவது உலகத்திலேயே அந்த ஒன்றில்தான். கல்யாணமான புதிதில் டெக் வாங்க வசதியில்லை. வசதி வந்தபோது அப்பா இல்லை. “பார்த்தா தாங்கமாட்டேன்” என்று பத்தொன்பது வருடமாக அவள் அதைப் போட்டுப் பார்த்ததே கிடையாது.

வீட்டில் வேறு கேசட் இல்லாததால் கோணலார் அதை எடுத்துவிட்டார். குற்ற உணர்ச்சியில் அவரும் நேராகப் பார்க்கவில்லை, பெட்டி வழியாகத்தான் பார்த்தார். பெட்டி கேசட்டை ஒன்றும் செய்யாது, படத்தைத்தான் கெடுக்கும். அதை அவளிடம் யார் போய் விளக்குவது? அடையாளம் தெரியாமல் நெளித்துவிட்டால் தப்பித்தோம் என்று இருந்தார்.

அரங்க நிர்வாகி அம்மா வந்து எட்டிப் பார்த்தார். “பெரிய டிவி ஓடணும். டப்பாவை நாலு பேர் குனிஞ்சு பார்த்தா, மத்தவங்க அவங்க முதுகைத்தான் பார்க்கணும். மூணரைக்குள்ள ஓடலைன்னா இந்த இடம் மண்பானைக்காரருக்கு.”

எலக்ட்ரீஷியன் ஓடிப்போய் ஒரு கன்வர்ட்டர் கொண்டுவந்து நடுவில் மாட்டினார். படம் வந்தது. வந்ததுதான் தப்பு. தள்ளாடியதையெல்லாம் கன்வர்ட்டர் தோளைப் பிடித்து நிமிர்த்தியிருந்தது. முகங்களில் மட்டும் இன்னும் பச்சை அப்பியிருந்தது. மற்றபடி மேடை, ஜோடி, பரிசோடு நிற்கும் வரிசை!

“ஐயையோ, தெரியுதே!”

“தெரியணும்னுதானே சார் சொன்னீங்க?”

“தெரியணும். ஆனா தெரியக் கூடாது!”

கலைஞர்கள் அப்படித்தான் என்று எலக்ட்ரீஷியனுக்குப் பழக்கம். கோணலார் திருகைக் கூட்டினார், டிவி நீலமானது. குறைத்தார், கல்யாணம் வந்தது. நடுவில் நிற்கவே மாட்டேன் என்றது.

சட்டென்று ஒரு யோசனை. டப்பா டிவி எதையும் காட்டும். அதற்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, கேமராவைப் பெரிய டிவிக்குக் கொடுத்தால்? கொடுத்தார். நெளிவும் வழிவும் சுவர் அகலத்துக்கு எழுந்தன. கோணலார் சின்னப் பிள்ளைபோல் கைதட்டினார். ஆனால் டப்பாவின் கண்ணாடியில் அவருடைய வழுக்கைத் தலையும் பளபளத்தது.

“விளக்கை அணைச்சுடுங்க!”

எலக்ட்ரீஷியன் அணைத்தார். இருட்டில் மேசைக்கடியில் கால் தடுக்கி வயர் கழன்றது. தடவித் தடவி மாட்டினார். பெரிய டிவியில் கல்யாணம், கோணலே இல்லாமல்! கேமரா சரியாகக் குவியாததால் முகங்கள் மட்டும் கலங்கியிருந்தன.

“என்ன பண்ணீங்க?”

“அந்தப் பெட்டி நடுவுல இருந்தா படம் கெடுது சார். அதான் டெக்கை நேரா டப்பா டிவிக்குக் குடுத்துட்டேன்.”

வாசலில் மனைவி நின்றிருந்தாள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்திருந்தாள்.

“என்னங்க, இது…”

“நம்ம கேசட்தான்மா. கேட்காம எடுத்துட்டேன். மன்னிச்சுடு.”

அவள் காதில் விழவில்லை. திரைக்கு அருகே போய், மேடை ஓரத்தில் கைகட்டி நின்ற ஒரு கலங்கலைத் தொட்டாள். “அப்பா,” என்றாள். குரல் உடைந்தது. “அப்படியே நிக்கறார் பாருங்க.”

திட்டியிருந்தால்கூடக் கோணலார் தாங்கியிருப்பார். காதைச் சொறிந்துகொண்டு நின்றார்.

எலக்ட்ரீஷியன் திரையைப் பார்த்தார். அந்தக் காதைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“அழாதீங்கம்மா, அது என் மாமனாரு, பக்கத்துல மாலையோட நெளியறது நானு,” என்றார். “வீடியோக்காரன் அன்னைக்கே கேசட்டை மாத்திக் குடுத்துட்டான். எங்க வீட்டுக் கேசட்லதான் சார் பத்தொன்பது வருஷமா நீங்க காதைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கறீங்க, உங்க பக்கத்துல ஒரு பெரியவர் விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டிருக்கார்.”