நீலச் சட்டையும் வலது கைக் கடிகாரமும்

பினாங்குத் தீவில் இதுவரை பாதி குடித்து வைக்கப்பட்ட தே தாரிக் அத்தனையிலும் எந்தக் கிளாஸில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று கேட்டால், பதில் சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அவர் டேலி அக்கா.

பட்டர்வொர்த்தில், துறைமுகத்தில் அவருக்கு டேலி வேலை. கப்பலிலிருந்து இறங்கும் கொள்கலன்களை எண்ணி, எது எங்கே நசுங்கியிருக்கிறது, எந்த மூலையில் கீறல் என்று குறித்து வைக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் அதைச் செய்து பழகிய கண், சனிக்கிழமைதோறும் ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வந்தது. அங்கே ஒரு புடவைக் கடையின் மாடியில், தொலைக்காட்சி நிகழ்ச்சி தயாரிக்கும் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்திருந்தோம். நான் காப்புறுதி விற்பவன். முன்பின் தெரியாதவர்களிடம்கூட மூன்று மணி நேரம் பேசுவேன். அதனால் பாடம் எடுத்த சார் என்னைத் தொகுப்பாளர் ஆக்கினார். டேலி அக்காவுக்குக் கண்டினியூட்டி வேலை கிடைத்தது.

கண்டினியூட்டி என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரே காட்சியைப் பல பக்கத்திலிருந்து பல தடவை எடுப்பார்கள். பிறகு ஒட்டும்போது வலது கையில் இருந்த கரண்டி இடது கைக்குத் தாவிவிடக் கூடாது. அதற்காக ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். எங்கள் நிகழ்ச்சியில் எல்லாம் என்றால் பெரும்பாலும் நான்தான். நாற்பத்து மூன்று வயதில், ஒரு பெண் என்னை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என்னைவிட அவர் இரண்டு வயது இளையவர். வகுப்பே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். பதிலுக்கு அவர் என்னை அண்ணே என்றார். நானே இழுத்துவிட்டுக்கொண்ட வினை, யாரைச் சொல்ல?

முதல் படப்பிடிப்பு, தேங்காய்ப் பாலில் ஐஸ் சீவிப் போட்டுத் தரும் ஒரு செண்டோல் கடையில். நான் ஒரு வாய் சாப்பிட்டு “ஆஹா” என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டாவது தடவை எடுப்பதற்குள் ஐஸ் பாதி உருகிவிட்டது. சாரை முந்திக்கொண்டு அக்கா கத்தினார்.

“கட்! ஐஸ் மேட்ச் ஆகல. புதுசு போடுங்க.”

கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். “அக்கா, ஐஸுன்னா உருகத்தான் செய்யும் லா! நான் என்னா செய்றது?”

“உருகட்டும்ணே, யாரு வேணாம்னா? மொத தடவ உருகுன அளவுக்குத்தான் உருகணும்.”

ஏழு கிண்ணம் ஆனது. ஏழாவது ஆஹாவில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அக்கா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “குரலும் மேட்ச் ஆகல அண்ணே. அடுத்த வாரம் எடுப்போம்” என்றார். அடுத்த வாரம் அந்தக் கடைக்காரர் கடையைத் திறக்கவே இல்லை.

படப்பிடிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு சனிக்கிழமை சார் தலைக்கு மை அடித்துக்கொண்டு ஜம்மென்று வந்தார். அக்கா எழுந்து நின்றார்.

“சார், போன வாரத்துப் பாடத்த மறுபடியும் எடுங்க.”

“ஏன் அக்கா, புரியலையா?”

“புரிஞ்சிச்சு சார். முடி மேட்ச் ஆகல.”

“அலாமாக்! இது கிளாஸ் அக்கா, ஷூட்டிங் இல்ல!”

அதற்கடுத்த வாரம் சார் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். அக்கா அதையும் எழுதிக்கொண்டார். எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று, தலைவகிடு ஒரு மயிரிழை மாறாமல் சீவிப் பழகியதும் நான்தான்.

கடைசி நாள் படப்பிடிப்பு ஃபெரித் துறையில். அன்று காலையில்தான் அக்கா சாதாரணமாகச் சொன்னார், திங்கட்கிழமையிலிருந்து தெற்கே வெகு தூரத்தில் இருக்கும் கிள்ளான் துறைமுகத்தில் வேலையாம். எனக்குக் காலுக்குக் கீழே தரை ஆடியது. ஃபெரி வந்து மோதியது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். டேக் தொடங்குமுன் அவர் என் அருகில் வந்தார்.

“அசையாதீங்கண்ணே.”

“அக்கா...”

“சொல்லுங்க.”

“காலர்... காலர் சரியா இருக்கா?”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எல்லாம் அப்படியேதான் இருக்கு. ஒண்ணும் மாறல” என்று சொல்லி, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் போய்விட்டார்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. தீபாவளிக்கு அவர் வாழ்த்து அனுப்புவார், நான் கைகூப்பும் படம் அனுப்புவேன். மூன்று மணி நேரம் பேசுகிறவனின் லட்சணம் அது. மனசு மட்டும் அந்த ஃபெரித் துறையிலேயே நின்றுகொண்டிருந்தது. போன வாரம் சார் போன் செய்தார். வகுப்பை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்களாம், எங்கள் குழுவின் கண்டினியூட்டி நோட்டு கிடக்கிறதாம். போய் வாங்கி வந்தேன்.

செண்டோல் ஏழு கிண்ணமும் இருந்தது. சாரின் தொப்பியும் இருந்தது. அதற்கப்புறம் படப்பிடிப்பே இல்லாத சனிக்கிழமைகள் இருந்தன.

“வகுப்பு மட்டும். அண்ணே: நீலச் சட்டை, வாட்ச் வலது கை. ஒண்ணும் சொல்லல.”

“வகுப்பு மட்டும். அண்ணே: சாம்பல் சட்டை, வாட்ச் வலது கை. ஒண்ணும் சொல்லல.”

இப்படியே பதினோரு வாரம். கடைசிப் பக்கத்தில், “ஃபெரி. நீலச் சட்டை. காலரப் பத்திக் கேட்டாரு” என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். நான் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அழுதேன், வெட்கம் என்ன இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை காலையில் கிள்ளானுக்குப் பஸ் ஏறுகிறேன். அங்கே என்னென்ன மாறியிருக்கிறதோ, தெரியாது. என் பக்கத்தில் எல்லாம் பொருந்தும். நீலச் சட்டை கொஞ்சம் வெளுத்துவிட்டது, அதையே இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன். கடிகாரம் வலது கையில். வகிடும் அதேதான்.

ஒன்று மட்டும் மேட்ச் ஆகாது. இந்தத் தடவை அவரை அக்கா என்று கூப்பிடுவதாக இல்லை.