கைதூக்கியும் காணாமல் போன டைரக்டரியும்

உலகத்துப் பயத்தையெல்லாம் ஒரே ஆள் குத்தகைக்கு எடுக்க முடியுமென்றால், அது எங்கள் தேனாம்பேட்டை அலுவலகத்துக் கைதூக்கியாகத்தான் இருக்கும். சாந்தோமிலிருந்து வருவார். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடும் என்று ஐந்து மாடியும் படியேறுவார். படி இடிந்துவிட்டால்? அதற்காகச் சுவரோரமாகவே ஏறுவார். பையில் இரண்டு குடை. ஒன்று மழைக்கு, இன்னொன்று முதல் குடை விரியாமல் போனால்.

சர்வரைப் பார்த்துக்கொண்டது அவர்தான். அதில் எந்தக் கட்டளை அடித்தாலும், எண்டர் தட்டும் முன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, அடித்ததை எழுத்து எழுத்தாகச் சத்தமாகப் படிக்க வேண்டும். அவர் போட்ட சட்டம் இது; பட்டப்பெயரும் அதனால்தான். "கை கீழ இருந்தா அதுவா தட்டிடும் மச்சி. கையை நம்பாதே!" ஒருநாள் கூரியர்காரர் உள்ளே வந்தபோது நாங்கள் எட்டுப் பேரும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தோம். பாவம், பார்சலைத் தரையில் வைத்துவிட்டு அவரும் தூக்கிவிட்டார்.

நான் அவருக்கு நேர்மாறு. திரையில் 'அப்டேட் தயார்' என்று மின்னினால் தட்டாமல் இருக்க முடியாது. இந்த அவசரக் கையாலேயே மூன்று வேலை போய், நாற்பது வயதில் அங்கே சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் தொழில் கல்யாண மண்டப முன்பதிவு. தி.நகர், மயிலாப்பூர், அடையாறு மண்டபங்கள் எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரில். ஒரு கணினியை ஐந்து கணினிகளாக நடிக்க வைக்கும் மென்பொருள் அதில் ஓடும். அந்த ஐந்தில் ஒன்றில்தான் முன்பதிவு. நான் சொல்லும் நாளில், காலை பத்து மணிக்குத் தை மாத முகூர்த்தங்களுக்கு முன்பதிவு திறக்க வேண்டும். "அதுவரைக்கும் எவனாவது அப்டேட் போட்டா, அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்று முதலாளி மேடம் சொல்லியிருந்தார்.

ஒன்பது மணிக்கு நான் போட்டேன். கையைத் தூக்கவில்லை. சர்வர் அணைந்து எழுந்தது. உள்ளே இருந்த ஐந்தில் ஒன்றுகூட எழவில்லை. 'அப்படியொரு கோப்போ டைரக்டரியோ இல்லை' என்று ஒரே ஒரு வரி.

கைதூக்கி மூச்சிரைக்க வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "சேசு மரி சூசையே! இன்னா பண்ணே?"

"அப்டேட்..."

"கையைத் தூக்கினியா?"

"இல்லப்பா."

திட்டவில்லை. உட்கார்ந்து பத்து நிமிஷம் சர்வர் எழுதிவைத்த பிழைக் குறிப்புகளைப் படித்தார். "மென்பொருள் எழும்போது ஒரு டைரக்டரியை, அதான் ஃபோல்டரை, தேடுது. அப்டேட்டைப் பேக்கேஜாக் கட்டினவன் அதை உண்டாக்க மறந்துட்டான். வீட்டைக் கட்டி வாசப்படியை வுட்டுட்டான் நைனா."

டைரக்டரியை உருவாக்கும் கட்டளையை அடித்தார். கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். படித்தார், தட்டினார். எழவில்லை. அந்த டைரக்டரியில் நுழைய மென்பொருளுக்கு அனுமதி இல்லையாம். அதையும் கொடுத்தார். ஐந்தும் எழுந்தன! மணி ஒன்பது முப்பத்தெட்டு. எனக்கு உயிர் வந்தது.

"இப்ப ஒரு வாட்டி அணைச்சு மறுபடி போடு" என்றார்.

"யோவ், ஓடிக்கினு கீதேப்பா!"

"நாளைக்குக் கரண்ட் போனா?"

அணைத்துப் போட்டோம். டைரக்டரியைக் காணோம். அது தற்காலிக நினைவகத்தில் இருந்ததாம். சர்வர் அணைந்தால் அதுவும் அழிந்துவிடுமாம். அவர் பயந்தது சரியாகப் போயிற்று. ஐந்தும் மறுபடி விழுந்து கிடக்க, என்னால் அவரைப் பாராட்டத்தான் முடியவில்லை.

'ஒவ்வொரு முறை எழும்போதும் இந்த டைரக்டரியை உண்டாக்கு, இன்னாரிடம் ஒப்படை' என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தார். கையைத் தூக்கிப் படித்தார். மறுபடி படித்தார். பெண்ணைப் பெற்ற யாரோ ஒரு அப்பா தொலைபேசியில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது வாட்டி படிக்கட்டுமா?"

"தட்டுய்யா!"

தட்டினார். மீண்டும் அணைத்துப் போட்டோம். ஐந்தும் ஒவ்வொன்றாக எழுந்தபோது மணி பத்தாக இரண்டு நிமிஷம்.

அப்போதுதான் மேடம் வந்தார். "காலையிலேர்ந்து சர்வர் மூணு தடவை விழுந்ததா என் போனுக்கு மெசேஜ் வந்திருக்கு. அப்டேட் போட்டது யாரு?"

இரண்டு கைகள் உயர்ந்தன. அவை என்னுடையவை அல்ல.

மேடத்தால் நம்பவே முடியவில்லை. கைதூக்கி பழைய ஆள் என்பதால் அவர் வேலை தப்பியது. ஆனால் இரண்டு மாதம் சர்வர் பக்கமே வராமல் தொலைபேசி எடுக்க வேண்டும் என்று உத்தரவு. நான் உண்மையைச் சொல்ல எழுந்தபோது, மேசைக்கடியில் கைதூக்கி என் காலை நன்றாக மிதித்தார்.

மதியம் படியில் வைத்துக் கேட்டேன். "உனக்குப் பயமா இல்லையாப்பா?"

"பயமா கீதாவா? கை தூக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கினேன் மச்சி, நீ பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அன்று முதல் அந்த ஐந்து மாடியையும், அவருக்குப் பக்கத்தில், சுவரோரமாகவே ஏறினேன்.