கடைசி இலக்கத்தில் வெளிச்சம்

அன்புள்ள அண்ணா,

நம் வீட்டு வண்டிக்கு என்ன வயது? எனக்குத் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், நான் நீங்கலாக. அங்கே நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலமென்று நானே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் ஓட்டுநர் உரிமம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டிய பார்வைச் சான்றிதழில் இனிமேல் கையெழுத்துப் போட முடியாதென்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா கார் சாவியைக் கயிற்றில் கோத்துப் பனியனுக்குள் தொங்கவிட்டிருக்கிறார். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. போன வாரம் செய்தித்தாளை என் முன்னால் விரித்தார். பழைய கார்களின் ஊர்வலம். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு. தெருவை அடைத்துவிடுவார்கள், நடக்கிற வேகம்தான். "அதுல ஒரே ஒரு தடவை ஓட்டிடுறேன். அன்னிக்கே சாவி உன் கையில" என்றார். விட்டது தொல்லை என்று நானும் தலையாட்டிவிட்டேன். கீழே பொடி எழுத்தில் இருந்ததை இருவருமே பிறகுதான் படித்தோம்: மாடல் வருடப்படி ஐம்பது வயது நிரம்பிய வண்டிகள் மட்டும்.

இதென்ன பிரமாதம், பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால் போயிற்று என்று நினைத்தேன். ஆவணப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவரின் வீட்டில் இருக்கிறேன் என்பது அந்த நிமிடம் மறந்துவிட்டது. அவர் கையில் சிக்கிய எந்தக் காகிதமும் ஃபைலுக்காக இரண்டு துளை வாங்காமல் தப்பியதில்லை. என் பட்டச் சான்றிதழில் துணைவேந்தரின் கையெழுத்து இருந்த இடமே ஓட்டை. பதிவுப் புத்தகத்தில் ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது, ஏழு வரை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வெளிச்சம் வருகிறது. சரி, போக்குவரத்து அலுவலகத்தில் கேட்கலாமென்று போய் மூன்று ஜன்னல்களில் நின்றேன். மூன்றாவது ஜன்னல்காரர், "எங்க பதிவேடு தண்ணியில நனைஞ்சு போச்சும்மா. உங்க புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க, அதையே ஏத்திடுறேன்" என்றார்.

அடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஊரே கேஸ்கெட் என்று அழைக்கிற அதே மனிதர்தான். டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிக் குனிந்தார். எஞ்சின் எண்ணின்படி வண்டிக்கு நாற்பத்து நான்கு; முதல் எஞ்சின் நடுரோட்டில் கொதித்துச் செத்ததும் அப்பா வேறு போட்டாராம். கதவுக் கண்ணாடிகளின் மூலையில் பொடியாக ஒரு குறி இருக்குமாம். நான்கு கதவுக்கு மூன்று வெவ்வேறு வயது வந்தது. வலது பின்விளக்கின் உட்புறத்தில் ஆண்டையே அச்சாக வார்த்திருந்தார்கள். அதன்படி ஐம்பத்திரண்டு! எனக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. ஆனால் அப்பா ரிவர்ஸ் எடுத்து நம் வீட்டு கேட்டிலேயே இடித்ததற்குப் பிறகு காயலான் கடையில் பொறுக்கியதாம் அது.

"மேடம், இது கார் இல்ல. கூட்டுக் குடும்பம்" என்றார் கேஸ்கெட்.

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எனக்குந்தான் பல்லு புதுசு, கண்ணுல லென்ஸ் புதுசு, ஒரு முட்டி புதுசு. அதுக்காக எனக்கு நாலு வயசுன்னு சொல்லுவியா?"

"நான் எதுக்கு சார் சொல்றேன்? தகடு சொல்லட்டும். மத்ததெல்லாம் மாத்தலாம். அது பொறந்த மச்சம் மாதிரி."

பானெட்டுக்கு அடியில் சேஸிஸ் எண்ணோடு இருக்கும் அந்தத் தகட்டையும் அப்பா விட்டுவைக்கவில்லை, காருக்குப் பெயின்ட் அடித்தபோதெல்லாம் அதற்கும் சேர்த்து அடித்திருக்கிறார். கேஸ்கெட் தின்னர் விட்டு ஒரு மணி நேரம் தேய்த்தார். எண் தெரிந்தது. தன் பையில் வைத்திருந்த கம்பெனிக் கையேட்டில் அந்த எண்ணைத் தேடிப் பிடித்ததும், என்னைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "செஞ்சது சரியா அம்பது வருஷம் முன்னாடி, வருஷக் கடைசியில. ஆனா கம்பெனிக்காரன் வருஷம் முடியுறதுக்குள்ளயே அடுத்த வருஷ மாடல இறக்கிடுவான். மாடல் கணக்குல பார்த்தா நாப்பத்தொம்பதுதான் மேடம்."

அதாவது என் வயது. என்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்த வண்டிதான் என்று அப்பா சொல்லிச் சொல்லி நான் நம்பாமலே வளர்ந்தேன். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். உண்மையாக இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு வருடம் இடிக்கிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதை எழுதும்போது அவர் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து வீல் கப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஊர்வலம் இல்லையென்றால் சாவியும் இல்லை, அடுத்த மாதம் உரிமமே இல்லாமல் மெயின் ரோட்டுக்குப் போய்விடுவார். ஆகையால் நீயே போன் செய்து பக்குவமாகச் சொல்லு. நீ மூத்தவன், தவிர கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறாய்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் தாத்தாவைவிடக் கவனமாக ரிவர்ஸ் எடுக்கக் கற்று நன்றாக இருக்கட்டும்.

உன் தங்கை

பி.கு.: கடிதத்தை உறையில் போடவில்லை, மறுநாளாகிவிட்டது. அப்பா ஏற்கனவே பெயர் கொடுத்துவிட்டாராம்; ஊர்வலச் செயலாளர் முன்கூட்டியே சோதனைக்கு வந்தார். பானெட்டைத் திறக்கவே இல்லை. சோபாவில் உட்கார்ந்து பதிவுப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துத் துளை வழியாக என்னைப் பார்த்தார்.

"ஓட்டையா இருக்கே சார். எப்ப வாங்கினீங்க?"

"இவ பொறந்தப்ப. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததே இதுலதான்."

"உங்களுக்கு என்ன வயசு மேடம்?"

இதுவரை எந்தப் படிவத்திலும் நான் பொய் எழுதியதில்லை. அப்பாவின் விரல்கள் பனியன்மேல் சாவியைத் தடவிக்கொண்டிருந்தன. "ஐம்பத்தொண்ணு" என்றேன். ஒரு வருடம் போதும், பதற்றத்தில் இரண்டாகிவிட்டது. "பார்த்தா தெரியல" என்று சொல்லியபடி வயதைக் குறித்துக்கொண்டு, ஊர்வலத்தன்று என் பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தார். பிறகு, "அந்தச் சான்றிதழ் எங்கம்மா? ஃபைல்ல போடணும்" என்றார். என் அலமாரியில் பூட்டியிருந்ததால் இத்தனை காலம் தப்பித்திருந்த காகிதம் அது. எடுத்துக் கொடுத்தேன். உள்ளறையிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. என் பிறந்த ஆண்டிலும் இப்போது கடைசியில் வெளிச்சம் வருகிறது. துளை ஒன்றுதான், நேராக அந்த இடத்தில்.

பதிவுப் புத்தகத்தில் விழுந்த துளையைப் பற்றி நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நீ போன் செய்ய வேண்டாம். யாராவது விசாரித்தால், உனக்கும் இரண்டு வயது கூட்டிச் சொல்லு.